பிரக்கிராசி பிடித்த கதை

எங்கள் பக்கத்தில் சட்டத்தரணியை யாரும் அமர்த்துவதில்லை, பிடிப்பார்கள். ஒரு வீட்டுக்கு வழக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் முதலில் கேட்பது, "ஆரைப் பிடிச்சிருக்கிறியள்?" என்றுதான். கோடு என்றால் நீதிமன்றம். பெரிய கோடுகளில் பேசுகிறவர் அப்புக்காத்து. சின்னக் கோட்டில் வழக்கும் பேசி, காணி உறுதிப் பத்திரமும் எழுதுகிறவர் பிரக்கிராசி. கட்டில்லாமல் திரியும் கட்டாக்காலி மாட்டையும் பிடிக்கிறது, பிரக்கிராசியையும் பிடிக்கிறது என்று ஒரே சொல்லைப் பாவிப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டிலும் பிசகாகப் பிடித்தால் பிடித்தவனுக்குத்தான் வில்லங்கம்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் என் அண்ணனுக்கு அந்த இரண்டு வில்லங்கமும் வந்தது. மாட்டைப் பிடித்தவர் அவர். பிரக்கிராசியைப் பிடிக்கப் போனவன் நான். இந்தக் கதையை இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் மற்றவர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இப்போதும் கொஞ்சம் திட்டாமல் என்னால் எழுத முடியாது.

புளியங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே நாலு கட்டை தூரத்தில், ஒரு குளத்துக்குக் கீழே அரசாங்கம் காடு வெட்டிக் கொடுத்த காணியில் அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது நாலு குடும்பத்துக்குப் பொதுவான ஒரு கிணற்றில் ஒரு பங்கு மட்டும். அதனால் பெயர் பதிந்து, எனக்கு மச்சாளான தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். மூன்றாம் வகுப்போடு மண்வெட்டியைத் தூக்கியவர் அவர். அந்த மண்வெட்டியால்தான் நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துச் சோதனை பாஸ் பண்ணினேன். பாஸ் பண்ணிவிட்டு, கிளறிக்கல் உத்தியோகத்துக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் அண்ணன் வீட்டில் இருந்து அவருடைய சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். குடியேற்றத்தில் கடிதம் வாசிக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். மூக்குக் கொஞ்சம் மேலே நோக்கித்தான் இருந்தது எனக்கு.

நெல் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்ற மாதம் அது. ஒரு சிவலை நாம்பன் மாடு இரண்டு நாள் தொடர்ந்து அண்ணனின் வயலுக்குள் இறங்கியது. துரத்திவிட்டால் திரும்பவும் வரும். மூன்றாம் நாள் அண்ணன் அதைப் பிடித்துக் கொண்டுவந்து வீட்டு முன் வேலியோரம் நின்ற வேப்பமரத்தில் கட்டினார். எங்கள் ஊரிலும் வன்னியிலும் அதுதான் வழமை. பயிரை மேய்ந்த மாட்டைக் கட்டிவைத்து ஊர்த் தலைமைக்காரரான விதானையாருக்கு அறிவித்தால், அவர் வந்து அழிவு பார்ப்பார். மாட்டுக்காரன் நட்டத்தைக் கொடுத்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவான். அண்ணன் அன்றைக்கே விதானையார் வீட்டுக்குப் போனார். விதானையார் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டார், வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அண்ணன் திரும்பி வந்து நாம்பனுக்கு வைக்கோலும் தண்ணீரும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கள்ளன் யாராவது மாட்டைத் தெருவுக்கு நேரே கட்டி மூன்று நாள் வைக்கோல் போடுவானா என்று பின்னால் பொலிஸ் வந்தபோதும் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாட்டுக்காரன் பழைய வன்னியான். நூறு மாடு வைத்திருந்தவன். காட்டைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற கோபம் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. அவன் விதானையாரைத் தேடவில்லை. நேரே பொலிசுக்குப் போனான்.

பொலிஸ்காரர் வந்து, நாம்பனின் பின்தொடையில் இருந்த சூட்டுக்குறியைப் பார்த்துவிட்டு அண்ணனைக் கேட்டார்:

"மாட்டைக் கட்டினது நீயோ?"

"ஓம். நான்தான் கட்டினனான்."

அதை எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, அண்ணனையும் கொண்டு போனார்கள். மாடு களவெடுத்தது என்று வழக்கு. பொங்கல் முடிந்து வந்த விதானையாரே போய்ப் பிணை நின்று அடுத்தநாள் ஆளை வீட்டுக்கு விட்டார். மூன்று கிழமை கழித்துக் கோட்டில் வழக்குக் கூப்பிடும் முதல் தவணை.

அந்த மூன்று கிழமையும் மச்சாள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா. "தம்பி, ஆர் எண்டாலும் பரவாயில்லை. இவருக்காக எழும்பி நிண்டு கதைக்கிற ஆளாய் ஒருத்தரைப் பிடியுங்கோ. இவருக்குக் கதைக்கத் தெரியாது." குற்றம் என்று தீர்ந்தால் மறியல், அதாவது சிறை. மறியலுக்குப் போனவனின் காணிப் பத்திரத்தை மேலதிகாரிகள் வெட்டிப்போடலாம் என்றும் ஒரு கதை குடியேற்றத்தில் உலாவியது. அது உண்மையோ பொய்யோ, மச்சாளுக்கு நித்திரை இல்லாமல் போக அது போதுமானதாக இருந்தது.

கோடு இருந்த டவுணுக்கு பஸ்ஸில் போய் விசாரித்தேன். கோட்டு வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் யோசிக்காமலே சொன்னார்: "களவு, அடிதடி எண்டால் உந்த ஒழுங்கை மூலையிலை இருக்கிற பிரக்கிராசியாரிட்டைப் போங்கோ. கிழமையிலை அஞ்சு நாளும் உந்தக் கோட்டிலைதான் நிக்கிறவர்."

அந்தச் சந்து முனையில் தகரக் கூரை போட்ட வீடு. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, கரையான் அரித்த சட்டப் புத்தகங்கள். சுவரில் யேசுநாதர் படம். படத்தைக் கண்டதும் என் மனம் ஒரு அடி பின்னுக்குப் போனது. பேச்சிலேயே முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர் என்று தெரிந்துவிட்டது. அதை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவும் இல்லை. "அப்பு கடலுக்குப் போறவர். நான் கோட்டுக்குப் போறன்" என்று சிரித்தார்.

கதையைச் சொன்னேன். அவர் என் தகப்பன் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. கேட்டது இதுதான்: "மாட்டை எங்கை கட்டினவர்? வீட்டுக்கு முன்னாலையோ பின்னாலையோ?"

"முன்னாலை. வேப்பமரத்திலை."

"தெருவாலை போறாக்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"விதானையார் வீட்டை போனதைக் கண்ட ஆக்கள் இருக்கினமோ?"

"விதானையாற்றை மனிசி இருக்கிறா."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, இது நல்ல வழக்கு. விதானையாற்றை மனிசியைச் சாட்சிக்குப் போட்டால் காணும், வேறை ஒண்டும் தேவையில்லை. கள்ளன் மாட்டைத் தெருவைப் பாத்துக் கட்டமாட்டான்."

பிறகு நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். பொலிசிலே கைநாட்டு வைத்துவிட்டாரே, அது செல்லுமா? பொலிசுக்குச் சொன்ன ஒப்புதலைக் கோடு எடுக்காது என்றார். நீதவானுக்கு முன்னால் சொன்னது மட்டும் செல்லும். அங்கே வாய் தவறினால் பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய இயலாது. முதல் தவணைக்குப் பிரக்கிராசி வேண்டுமா? "முதல் தவணையிலைதான் எல்லாம் நடக்கும். வாசிச்சுக் காட்டிக் கேப்பினம், குற்றவாளியோ சுற்றவாளியோ எண்டு. சுற்றவாளி எண்டு சொன்னால் விளக்கத்துக்குப் போகும், சாட்சி கேப்பினம். மற்றதைச் சொன்னால் அண்டைக்கே முடிஞ்சுது." குற்றம் செய்யாதவன் என்பதற்குக் கோட்டில் வைத்திருக்கும் சொல் சுற்றவாளி. அதை அவர் ஒரு கடதாசித் துண்டில் எழுதி என்னிடம் தந்தார். "நான் வந்தாலும் வராட்டிலும், உங்கடை அண்ணருக்கு இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்குடுங்கோ. வேறை ஒரு கதையும் வேண்டாம்."

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நான் குடிக்கவில்லை. வேதக்காரர், அதுவும் கடற்கரைப் பகுதியார் வீட்டில் எங்கள் ஆட்கள் வாய் நனைப்பதில்லை. "இப்பதான் கடையிலை குடிச்சிட்டு வாறன்" என்றேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அது பழகிப்போன விஷயமாக இருந்திருக்கும். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வெட்கம் வரவில்லை, மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மச்சாள் உடனே, "அவரையே பிடியுங்கோ" என்றா. பக்கத்துக் காணியில் இருந்த சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"உனக்கென்ன விசரோ மோனை? யாழ்ப்பாணத்திலை எங்கடை ஊர்ப் பிரக்கிராசி, எங்கடை ஆள், மலை மாதிரி இருக்கேக்கை, மீன்காரன்ரை மோனிட்டைப் போய் நிக்கிறதோ? நாளைக்கு ஊரிலை என்ன கதைப்பினம்?"

மச்சாள் குசினிக்குள் இருந்தபடியே, "மறியலுக்குப் போனால் ஊரிலை என்ன கதைப்பினம்?" என்று கேட்டா. அண்ணன் என்னைப் பார்த்து, "நீ படிச்சனி. நீ சொல்லுறதுதான்" என்றார். நான் சித்தப்பாவின் பக்கம் சொன்னேன். சித்தப்பா சொன்ன காரணம்தான் எனக்கும் காரணம். அவர் அதை வாய்விட்டுச் சொன்னார், நான் படித்தவன் என்பதால் "யாழ்ப்பாணத்தார் அனுபவசாலி" என்று மாற்றிச் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்தப்பாவும் நானும் ரயில் ஏறி யாழ்ப்பாணம் போனோம். எங்கள் ஊர்ப் பிரக்கிராசியாரின் வீடு கல்வீடு. அலுமாரி நிறைய உறுதிக்கட்டு. வாழ்நாள் முழுவதும் காணி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சீதனம் கொடுத்தவருக்கும் உறுதி எழுதியே உயர்ந்த மனிதர். களவு வழக்கில் கடைசியாக எப்போது பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. அவர்தான் எங்களைக் கேட்டார். நான் ஆரின் மகன், எந்த ஒழுங்கை, தாய்வழியில் ஆர், எங்கள் பெரியம்மாவை எந்த வீட்டில் கட்டிக் கொடுத்தது. பெரியம்மாவின் மருமகனுக்கும் அவருக்கும் ஏதோ சொந்தம் என்று கண்டுபிடித்ததும் அவருக்கும் சந்தோசம், சித்தப்பாவுக்கும் சந்தோசம். அரை மணித்தியாலம் அதிலே போனது. அங்கே நான் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தேன்.

வழக்கைப் பற்றி நான் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல் தவணையிலை ஒண்டும் நடக்காது தம்பி. பேரைக் கூப்பிடுவினம், அடுத்த தவணை போடுவினம். அதுக்கு நான் அவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. அடுத்த தவணைக்கு வாறன். கொண்ணரை மரியாதையாய் நிக்கச் சொல்லு. நீதவானுக்கு எதிர்த்துக் கதைக்கக் கூடாது."

ஒழுங்கை மூலைப் பிரக்கிராசி சொன்னதற்கு இது நேர் எதிர். ஒருவர் முதல் தவணையில் எல்லாம் நடக்கும் என்கிறார், மற்றவர் ஒன்றும் நடக்காது என்கிறார். இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நான். ஐயா, டவுணில் இப்படிச் சொல்கிறார்களே என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை. கேட்டால் வேதக்காரர் வீட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டி வரும்.

தவணை நாள் காலையில் புளியங்குளத்தில் பஸ் ஏறினோம். அண்ணன், மச்சாள், சித்தப்பா, நான். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்கு வாங்கிய சால்வையும் போட்டிருந்தார். பஸ்ஸில் எனக்கு ஒரு பயம் வந்தது. அந்தக் கடதாசித் துண்டில் இருந்த சொல்லை எதற்கும் சொல்லிக் கொடுப்போம் என்று அவருக்குக் கிட்ட இருந்து மெல்லச் சொன்னேன்.

"அண்ணை, கேட்டால் சுற்றவாளி எண்டு சொல்லவேணும்."

"குற்றவாளி."

"குற்றவாளி இல்லை. சுற்றவாளி."

"அதென்ன சொல்லு? சுற்றுறவனோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி சொன்னார். மறுபடியும் குற்றவாளி என்றுதான் வந்தது. அவர் பிறந்த நாள் முதல் கேட்ட சொல் அது ஒன்றுதான். மற்றதைக் கோட்டுக்கு வெளியே யார் சொல்கிறார்கள்? எழுத்து ஒன்றுதான் வேறு. அதிலே ஒரு பக்கம் வீடு, மற்றப் பக்கம் மறியல். அஞ்சாறு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்று தரம் சரி, மூன்று தரம் பிழை. முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"சரி விடுங்கோ. ரெண்டும் வேண்டாம். நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. இண்டைக்கு ஒண்டும் நடக்காது எண்டு யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசியார் சொன்னவர். நான் நிக்கிறன்தானே."

"அது காணும்" என்று அண்ணன் நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒழுங்கை மூலைப் பிரக்கிராசி கொடுத்த ஒரே ஒரு சொல்லை, வாய் பிசகிவிடும் என்று பயந்து, நான் அவர் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தேன். ஒரு மணித்தியால பஸ் பயணம். அறுபது தரம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

கோட்டில் சனம் நிறைந்து நின்றது. ஒழுங்கை மூலைப் பிரக்கிராசியார் முன்மேசையில் இருந்தார். எங்களைக் கண்டு தலையை மட்டும் அசைத்தார். பக்கத்தில் வேறு பிரக்கிராசி யாரும் எங்களுக்காக இல்லை என்பதையும் அவர் கண்டிருப்பார். பெயர் கூப்பிட்டதும் அண்ணன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறிக் கும்பிட்டார். நீதவான் ஆங்கிலத்தில் வாசித்தார். அதைத் தமிழில் சொல்ல ஒரு முதலியார் இருந்தார். கோட்டில் மொழிபெயர்க்கிறவருக்கு அதுதான் பதவிப் பெயர். அன்றைக்கு ஐம்பது வழக்குக்கு மேல் இருந்திருக்க வேண்டும். முதலியார் தலையை நிமிர்த்தாமல் ஒரே மூச்சில் சொன்னார். "இன்னாருக்குச் சொந்தமான நாம்பன் மாடொன்றை அவரது சம்மதமின்றி நேர்மையீனமாகக் கட்டி உமது உடைமையில் வைத்திருந்து திருட்டுக் குற்றம் புரிந்தீர் என உம்மீது சாட்டப்படுகிறது குற்றவாளியா சுற்றவாளியா." முழு வாசகத்தையும் பின்னால் நகல் எடுத்துத்தான் படித்தேன். அன்றைக்குக் காதில் தெளிவாக விழுந்தது மாடு என்பதும் கட்டி என்பதும்தான்.

அண்ணன் பேசாமல் நின்றார். முதலியார் மறுபடி, "என்ன சொல்லுறீர்?" என்று அதட்டினார். அண்ணன் சனத்தின் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு நீதவானைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓம் ஐயா. நான்தான் கட்டினனான்."

முதலியார் அதை ஆங்கிலத்தில் 'கில்டி' என்று ஒரே சொல்லாகச் சொன்னார். நீதவான் எழுதினார். ஒழுங்கை மூலைப் பிரக்கிராசியார் கதிரையை விட்டு அரைவாசி எழும்பினார், எங்கள் பக்கம் பார்த்தார், திரும்ப இருந்தார். அந்தப் பகுதியில் மாட்டுக்களவு மலிந்துவிட்டது என்று நீதவான் ஏதோ சொன்னார். ஆறு மாதம், கடூழியச் சிறை. எல்லாம் முடிய ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம் ஆகவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணன் கூண்டால் இறங்கி எங்களிடம் வரப் பார்த்தார். பொலிஸ்காரர் தோளில் பிடித்து மற்றப் பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனார். என்ன நடந்தது என்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த தவணை எப்போது என்று பொலிஸ்காரரிடம் கேட்டாராம்.

வெளியே சித்தப்பா, "அடுத்த தவணைக்கு எங்கடை ஆள் வந்து பாப்பார்" என்றார். அவருக்குமே விளங்கவில்லை. நான் ஓடிப்போய் ஒழுங்கை மூலைப் பிரக்கிராசியாரைக் கோட்டு விறாந்தையில் மறித்தேன். அப்பீல் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"சுற்றவாளி எண்டு சொல்லி, வழக்கை விளங்கி, தீர்ப்பு வந்திருந்தால் எடுக்கலாம். தன்ரை வாயாலை ஒப்புக்கொண்டதுக்கு என்ன அப்பீல் தம்பி?"

"அவர் மாட்டைக் கட்டினதைத்தான் ஓம் எண்டவர். களவெடுத்ததை இல்லை."

"எனக்குத் தெரியும். கூண்டிலை நிக்கேக்கையே தெரியும். அந்த நேரம் ஆராவது ஒருத்தர் எழும்பி, ஐயா, இவருக்குக் கேள்வி விளங்கேல்லை எண்டு சொல்லியிருந்தால், நீதவான் எழுதினதை வெட்டிப்போட்டுத் திரும்பக் கேட்டிருப்பார். அவர் பொல்லாத மனிசன் இல்லை."

"நீங்கள் எழும்பினியள். பிறகு ஏன் இருந்தனியள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஆற்றை சார்பிலை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். அவருடைய கட்சிக்காரர் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

மச்சாள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "கதைக்கத் தெரியாத மனிசனைக் கதைக்க விட்டிட்டியள்" என்று ஒருமுறை சொன்னா. நெல்லை அவவும் நானும் கூலி ஆட்களுமாக வெட்டினோம். எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது, பாதி அழிந்தது. யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசியாருக்குச் சித்தப்பா கடிதம் போட்டார். அடக்கமாக இருந்தால் தண்டனைக் காலம் குறையும் என்று பதில் வந்தது. நல்ல கையெழுத்து.

அண்ணன் அடக்கமாகத்தான் இருந்தார். அவருக்கு வேறு விதமாக இருக்கத் தெரியாது. கழிவு போக மிச்சத்தை இருந்துவிட்டு மெலிந்து வந்தார். காணி பறிபோகவில்லை, அந்தக் கதை வெறும் கதைதான். போனது வேறு. ஐந்து கட்டைக்குள் யாருடைய கன்று காணாமல் போனாலும் பொலிஸ் முதலில் எங்கள் படலையைத்தான் தட்டியது. கோயில் கணக்குக்குப் பொறுப்பாக அவரைப் போட இருந்தவர்கள் வேறு ஆளைப் போட்டார்கள். அடுத்த வருடம் கட்டாக்காலி மாடுகள் வயலுக்குள் இறங்கியபோது அவர் வரம்பில் நின்று கையைத் தட்டினார். மாடு போகவில்லை. கயிறு எடுக்கச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். குடலைப் பருவத்து நெல்லை மாடு தின்னத் தின்னப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கந்தோரில் வேலை கிடைத்தது. லீவில் வரும்போதெல்லாம் குடியேற்றத்து ஆட்கள் வந்து கேட்பார்கள்: தம்பி, அடிபட்ட வழக்கொண்டு, ஆரைப் பிடிக்கலாம்? பிணை எடுக்க என்ன வேணும்? பொலிசிலே எழுதினதை மாற்றலாமோ? அனுபவம் உள்ளவன் என்று என்னிடம்தான் கேட்டார்கள். நானும் வாய் கூசாமல் எல்லாருக்கும் புத்தி சொன்னேன். உறுதி எழுதுகிறவரைக் களவு வழக்குக்குப் பிடிக்காதே. அந்தக் கோட்டில் நாளாந்தம் நிற்கிறவரைப் பிடி. ஊரைப் பார்க்காதே, சாதியைப் பார்க்காதே. முடிவில் எப்போதும் அந்த முதலியாரைத் திட்டுவேன். "அந்த வேகத்திலை கேட்டால் பாவம், படியாத மனிசனுக்கு என்ன விளங்கும்? எனக்கு விளங்கினது. அண்ணைக்கு விளங்கேல்லை." இப்படித்தான் சொல்வேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு லீவில், வாய்க்கால் சண்டையில் மாட்டுப்பட்ட ஒருவருக்கு இதையெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். அண்ணன் முற்றத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்:

"முதலியாரை ஏசாதை தம்பி. அந்த மனிசன் ரெண்டு தரம் கேட்டவர். எனக்கு விளங்கேல்லை. நான் திரும்பி உன்னைத்தான் பாத்தனான். நீ தலையை ஆட்டினனி. அதுதான் ஓம் எண்டனான்."

ஆட்டினேன். ஒருவருக்கும் நான் சொல்லாத சங்கதி அது. முதலியாரின் கேள்வி எனக்கும் விளங்கவில்லை. ஆனால் சனத்துக்கு நடுவில் நின்ற ஒரே படித்தவன் நான், எல்லோரும் பார்க்க அண்ணன் என்னைப் பார்க்கிறார். விளங்கவில்லை என்று முகத்தில் காட்ட என்னால் முடியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டப் படித்தவன் செய்வதைத்தான் செய்தேன். ஏழு வருடமாக அவர் இதை வைத்துக்கொண்டு என்னோடு ஒரே பானைச் சோறு சாப்பிட்டிருக்கிறார்.

"எனக்கும் விளங்கேல்லை அண்ணை" என்றேன்.

அவர் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை அங்கை சொல்லியிருந்தால் காணுமே, தம்பி" என்றார்.